செய்மதி சொல்லும் சூடும் தரையில் அளக்கும் சூடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நகரச் சூடு பற்றிய கடிதங்கள் ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனியில் குவிந்துவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைக் கேட்டிருந்தன: செய்மதித் தரவைத் தரையில் அளந்து சரிபார்ப்பது எப்படி? கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி (தெஹிவளை): முகநூலில் பார்த்த செய்மதிப் படமொன்றில் புறக்கோட்டைப் பக்கம் 40 பாகைக்கு மேலே சிவப்பாகக் கிடந்தது. அன்றைக்கு வளிமண்டலவியல் திணைக்களம் சொன்ன அதிகூடிய வெப்பநிலை 32 பாகை. யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பலாம். திணைக்களம் அளப்பது காற்றை. வெள்ளைப் பூச்சுப் பூசிய, காற்றோடும் பெட்டிக்குள், நிலத்திலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, வெயில் படாமல் வெப்பமானி இருக்கும். செய்மதி அளப்பது மேற்பரப்பின் தோலை. அதுவும் மேலிருந்து பார்த்தால் தெரியும் தோலை மட்டும். புறக்கோட்டையில் அது பெரும்பாலும் கூரைதான். நடைபாதையில் நிற்கிற உங்கள் தலைக்கு மேலே கிடக்கும் தகரத்தின் சூடு உங்களைச் சுற்றியுள்ள காற்றின் சூடாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே செய்மதி எண்ணிலிருந்து காற்று வெப்பநிலையைக் கழித்து "இதுதான் வழு" என்று எழுதுவது பிழை. ஆய்வறிக்கைகளிலும் இதைப் பார்க்கிறோம். காற்று வெப்பநிலைக்கு வேறொரு பயன் உண்டு. அடர்ந்த மரக்கூட்டத்தின் உச்சி பகலிலும் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். காற்று 30 பாகையாக இருக்கும் காலையில் பெத்தகான ஈரநிலத்து மரங்கள் படத்தில் 22 பாகை என்று வந்தால் அங்கே தெரிவது மரமில்லை, முகில். படத்தை ஒதுக்கிவைக்க அந்த ஓர் அறிகுறி போதும்.

கேள்வி (பல்கலைக்கழக மாணவி, கொழும்பு 3): லான்ட்சற் செய்மதியின் மேற்பரப்பு வெப்பநிலையை ஒப்பிட, கையில் பிடிக்கும் செங்கீழ்க் கதிர் வெப்பமானித் துப்பாக்கியொன்று வாங்கியிருக்கிறேன். காலி முகத்திடலில் அளக்கலாமென்று நினைக்கிறேன். எப்படிச் செய்வது?

பதில்: முதலில் இடத்தை மாற்றுங்கள். காலி முகத்திடல் நீளமாக இருந்தாலும் அகலம் ஏறத்தாழ 100 மீற்றர்தான். லான்ட்சற் 8, 9 ஆகியவற்றின் வெப்பப் படங்களை 30 மீற்றர் பிக்சல்களாகத் தந்தாலும் கருவி உண்மையில் பார்ப்பது 100 மீற்றர்க் கட்டம். அதை நறுக்கி 30 ஆக்கித் தருகிறார்கள். எனவே திடலின் நடுப் பிக்சலிலும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தார் வீதி கலந்துவிடும். ஒரே மாதிரியான தரை குறைந்தது 300 மீற்றருக்கு 300 மீற்றர் வேண்டும். கொழும்புக்குள் அப்படியொன்று கிடைப்பது அரிது. இரத்மலானை விமான ஓடுபாதையை ஒட்டிய புல்வெளி போன்றவை பொருந்தும், அனுமதி வாங்கவேண்டும். கிரிக்கெட் மைதானம் சிறிது. பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். லான்ட்சற் 8, 9 ஒவ்வொன்றும் 16 நாளைக்கு ஒருமுறை வரும். இரண்டையும் சேர்த்தால் 8 நாளைக்கு ஒன்று. லான்ட்சற்றின் கட்ட எண்களில் கொழும்பு விழுவது பாதை 141, வரிசை 55இல். மேலே கடக்கும் நேரம் நம் கடிகாரத்தில் காலை 10.20க்கும் 10.30க்கும் இடைப்பட்டது. சரியான செக்கன் படத்தோடு வரும் விவரக்கோப்பில் கிரீனிச் நேரமாக இருக்கும், 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். தைக்கும் பங்குனிக்கும் இடையில் வேலையை வையுங்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் முகிலை அளந்துவிட்டுத்தான் வீடு திரும்புவீர்கள்.

துப்பாக்கியைப் பற்றி. 12:1 என்று எழுதியிருந்தால் 1.2 மீற்றர் உயரத்திலிருந்து அது 10 சென்ரிமீற்றர் வட்டத்தைப் பார்க்கும். செய்மதி பார்ப்பதோ 100 மீற்றர். ஆகவே ஒரு வாசிப்பால் பயனில்லை, நடக்கவேண்டும். கடக்கும் நேரத்துக்கு 5 நிமிடம் முன்பே தொடங்கி, 5 நிமிடம் பின்பு முடியுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் 25, 30 வாசிப்புகள் எடுக்கலாம். நேரே கீழ்நோக்கிப் பிடியுங்கள், உங்கள் நிழல் வட்டத்தில் விழக்கூடாது. ஒவ்வொரு வாசிப்புக்கும் நிமிடத்தோடு தரை வகையையும் குறியுங்கள்: வெயிற் புல், நிழற் புல், கிறவல், கொங்கிரீட்.

பிறகு பரப்பளவுக்கு ஏற்ப நிறை கொடுத்துக் கூட்டுங்கள். உதாரணமாக 70 சதவீதம் வெயிற் புல் 33 பாகை, 20 சதவீதம் கிறவல் 44, 10 சதவீதம் நிழற் புல் 29 என்றால் 23.1 + 8.8 + 2.9 = 34.8 பாகை. கறாராகச் செய்தால் வெப்பநிலையை அல்ல, கதிர்ப்பைத்தான் சராசரி எடுக்கவேண்டும். வித்தியாசம் சிறிது: பாதி 30, பாதி 45 என்ற மோசமான கலவையிலும் 0.3 பாகைக்குள் அடங்கும். நிறையைப் பிழையாகக் கணித்தால் வரும் வழு அதைவிடப் பல மடங்கு. ஆகவே கணக்கைவிடப் பரப்பளவில் கவனம் வையுங்கள்.

மரங்களில் ஒரு பொறி இருக்கிறது. மரத்துக்குக் கீழே உள்ள நிழற் தரை செய்மதிக்குத் தெரியாது, அது பார்ப்பது உச்சி இலைகளை. 10.30க்குச் சூரியன் இன்னும் உச்சிக்கு வராததால் மரத்தின் மேற்குப் பக்கம் சாய்ந்து விழும் நிழல் மட்டும் தெரியும். மர உச்சிக்கு ஏணி வைக்க முடியாதென்றால் அருகில் நிழலில் அளந்த காற்று வெப்பநிலையை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கியை முதல் நாளே சோதியுங்கள். வாயகன்ற குடுவையில் நொருக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி நிறையுமளவு தண்ணீர் விட்டு, நன்றாகக் கலக்கி உடனே துப்பாக்கியால் அளவிடுங்கள்: 0 பாகையிலிருந்து எவ்வளவு விலகுகிறது? அதேபோல் 40 பாகைத் தண்ணீரில் நல்ல வெப்பமானியொன்றைப் போட்டுக் கலக்கியபடி ஒப்பிடுங்கள். கொதிநீர் வேண்டாம், ஆவி வில்லையில் படியும். அதே காரணத்தால், குளிரூட்டிய அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ கருவியை எடுத்தவுடன் அளக்கவேண்டாம். கொழும்பின் ஈரக்காற்று வில்லையில் பனிபோலப் படியும், உள்ளே இருக்கும் உணரியும் சூடேறிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் நிழலில் வைத்தபின் தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்தாலும் மலிவான துப்பாக்கியின் துல்லியம் பெரும்பாலும் 1.5, 2 பாகை. செய்மதி 1 பாகைக்குள் சரியா என்ற கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியாது. 3 பாகை பிழையா என்ற கேள்விக்குச் சொல்லலாம். ஆய்வின் தலைப்பை அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி (வத்தளை): தரவிறக்கிய கோப்பில் பிக்சல் பெறுமதி 45500 என்று இருக்கிறது. இது என்ன அலகு?

பதில்: எந்த அலகும் இல்லை, சுருக்கி வைத்த எண். லான்ட்சற்றின் இரண்டாம் தொகுப்பு, இரண்டாம் நிலைத் தரவென்றால் 0.00341802 ஆல் பெருக்கி 149 கூட்டுங்கள்: 304.52 கெல்வின். 273.15 கழித்தால் 31.4 பாகை செல்சியஸ். மொடிஸ் (ஒரு கிலோமீற்றர் பிக்சலில் நாள்தோறும் அளக்கும் இன்னொரு செய்மதிக் கருவி) தினசரித் தரவென்றால் 0.02 ஆல் பெருக்கினால் போதும், கூட்டல் இல்லை. இரண்டிலும் 0 என்றால் தரவு இல்லை என்று பொருள். அதை அப்படியே கணக்கில் விட்டால் லான்ட்சற்றில் மறை 124 பாகை என்று ஒரு கொழும்பு வரும்.

கேள்வி (மொறட்டுவ): எங்கள் நிறுவனக் கூரைக்கு மேலே நெட்டலைக் கதிர்ப்பை (வெப்பக் கதிர்ப்பை) மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அளக்கும் கருவி இருக்கிறது. அதிலிருந்து மேற்பரப்பு வெப்பநிலை எடுக்க, தரையிலிருந்து வரும் கதிர்ப்பை வெப்பநிலையாக மாற்றும் ஸ்ரெபான் போல்ற்ஸ்மன் சூத்திரத்தில் போட்டுக் காலல்திறன் (மேற்பரப்பு தன் சூட்டைக் கதிர்ப்பாக வெளிவிடும் திறன், உச்ச அளவு 1) 0.97 ஆல் வகுத்தேன். செய்மதியைவிட எப்போதும் 2 பாகை கூடுதலாக வருகிறது. செய்மதியிலா பிழை?

பதில்: உங்கள் கணக்கில் ஒரு படி குறைகிறது. தரையிலிருந்து கருவிக்கு வரும் கதிர்ப்பு முழுவதும் தரை தானாகக் காலியதல்ல. காலல்திறன் 0.97 என்றால் வானத்திலிருந்து வந்த நெட்டலைக் கதிர்ப்பின் 3 சதவீதத்தைத் தரை திருப்பியனுப்புகிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் வகுக்கவேண்டும்.

எண்ணிலே பார்ப்போம். தரையிலிருந்து சதுர மீற்றருக்கு 500 வாற்று, வானத்திலிருந்து 430 வாற்று. 430இன் 3 சதவீதம் 12.9. 500இலிருந்து கழித்தால் 487.1. அதை 0.97 ஆலும் சூத்திரத்தின் மாறிலியான 5.67 × 10⁻⁸ ஆலும் வகுத்து நான்காம் மூலம் எடுத்தால் 306.8 கெல்வின், அதாவது 33.6 பாகை. நீங்கள் செய்தபடி கழிக்காமல் வகுத்தால் 35.6 வரும். உங்கள் 2 பாகை அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், காலல்திறனை முற்றாக மறந்து 1 என்று வைத்திருந்தால் 33.3 வந்திருக்கும், உண்மைக்கு இன்னும் கிட்ட. ஈரப்பதன் மிகுந்த நம் வானம் நிறையக் கதிர்ப்பைக் கீழே அனுப்புவதால் தரை காலாமல் விட்டதைப் பெரும்பாலும் வானமே ஈடுசெய்துவிடுகிறது. பாதித் திருத்தம் திருத்தமே செய்யாததைவிட மோசமாகும் இடம் இது.

கருவியைப் பற்றி இன்னும் இரண்டு: கருவியின் குமிழை வாரமொருமுறையாவது துடையுங்கள், கடற்காற்றின் உப்பும் காகத்தின் எச்சமும் வாசிப்பை மாற்றும். கீழ்நோக்கிய கருவி தன் சொந்தத் தாங்குகம்பியையும் அதன் நிழலையும் பார்க்கிறதா என்று ஏறிப் பாருங்கள். அமெரிக்காவில் செய்மதி வெப்பநிலையைச் சரிபார்க்கப் பயன்படும் சேர்ஃப்ராட் நிலையங்கள் ஏழும் இதே இரு கருவி முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் அவை நிற்பது திறந்த வெளியில். உங்கள் கருவி பார்ப்பது சில மீற்றர்க் கூரையை என்பதை மறக்கவேண்டாம்.

கேள்வி (தெமட்டகொட): எங்கள் பக்கத்துத் தகரக் களஞ்சியக் கூரை மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூடு. செய்மதிப் படத்திலோ சுற்றியுள்ள வீடுகளைவிடக் குளிராகக் காட்டுகிறது. துறைமுக நகரத்திலும் ஏதோ பொருந்தாமல் இருக்கிறது. ஏன்?

பதில்: இரண்டுக்கும் வேர் காலல்திறன், ஆனால் கதை வேறு வேறு.

பளபளப்பான நாகம் பூசிய தகரத்தின் காலல்திறன் 0.3ஐயும் எட்டாது. அஸ்பெஸ்டஸ் சீற், ஓடு, கொங்கிரீட் எல்லாம் 0.9க்கு மேல். தகரம் தன் சூட்டைக் காட்டாமல், குளிர்ந்த வானத்தைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கிறது. செய்மதித் தரவைத் தயாரிக்கும் கணக்கு அந்த இடத்துக்கு 0.95ஐ ஒட்டிய காலல்திறனை எடுத்துக்கொண்டால் விடை குளிராகத்தான் வரும். கை சொல்வது சரி. உங்கள் துப்பாக்கியும் அதே வழுவைச் செய்யும் என்பதால், தரையும் செய்மதியும் "ஒத்துப்போகின்றன" என்று ஏமாறவும் வாய்ப்புண்டு. சோதிக்க வழி: தகரத்தில் கறுப்பு மின்நாடாவை இரண்டு மூன்று பட்டையாக, காற்று இடைவெளியின்றி ஒட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். துப்பாக்கியால் நாடாவை அளந்தால் உண்மைச் சூடு, பக்கத்து வெறும் தகரத்தை அளந்தால் போலிச் சூடு. துருப்பிடித்த தகரத்திலும் வர்ணம் பூசிய சீற்றிலும் இந்த இடைவெளி வெகுவாகக் குறையும்.

துறைமுக நகரத்துக்கு வருவோம். லான்ட்சற் இரண்டாம் தொகுப்பு காலல்திறனை எடுப்பது வேறொரு செய்மதியிலுள்ள அஸ்ரர் கருவி 2000 முதல் 2008 வரை எடுத்த படங்களிலிருந்து உருவாக்கிய உலக வரைபடத்திலிருந்து. பிறகு தாவரப் போர்வைக்கேற்பத் திருத்துகிறார்கள். அந்த 269 ஹெக்டயர் அப்போது கடல். மணல் நிரப்பும் வேலை தொடங்கியது 2014இல். எனவே அங்கே ஒரு எண்ணைப் பயன்படுத்த முன், படத்தொகுதியில் தனியாக வரும் காலல்திறன் அடுக்கைத் திறந்து (0.0001 ஆல் பெருக்கவேண்டும்) என்ன பெறுமதி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீருக்குரிய 0.99ஐ ஒட்டி இருந்தால் அந்த இடத்தைச் சரிபார்ப்புக்கு எடுக்கவேண்டாம். வெறுமையாக இருந்தால் வெப்பநிலையும் வெறுமையாகத்தான் இருக்கும். 2008க்குப் பின் தரை மாறிய எந்த இடத்துக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

கேள்வி (கொம்பனித்தெரு): பேர வாவித் தண்ணீரை வைத்துச் சரிபார்க்கலாமா? தண்ணீர் சீரானது என்கிறார்களே.

பதில்: யோசனை நல்லது. தண்ணீரின் காலல்திறன் 0.98, 0.99 என்று நன்றாகத் தெரிந்தது, சூடும் மெல்லவே மாறும். அமெரிக்காவில் தாஹோ ஏரியில் மிதவைகளில் கருவி வைத்துப் பல ஆண்டுகளாகச் செய்மதிகளைச் சரிபார்ப்பதும் இதனால்தான். பேர வாவியில் சிக்கல் அளவு. அது பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, கிழக்குப் பகுதியே விரிந்தது. அதன் நடுவில், கரையிலிருந்து எந்தப் பக்கமும் 150 மீற்றராவது விலகிய பிக்சல் கிடைத்தால் மட்டும் எடுங்கள். அன்னப் படகு ஓடும் சீமமாலக்கப் பக்கம் குறுகியது, வேண்டாம். பொல்கொட வாவி இன்னும் வசதி. ஒரு கிலோமீற்றர் பிக்சல் கொண்ட மொடிஸுக்குப் பேர வாவி எந்தப் பகுதியிலும் போதாது.

தண்ணீருக்குள் அமிழ்த்திய வெப்பமானி தோலை அளக்காது. காற்று வீசினால் தோல் உள்நீரைவிட 0.1 முதல் 0.5 பாகை வரை குளிராக இருக்கும். அசையாத வெயிற் காலையில் மாறாக மேல்மட்டம் ஒரு பாகைக்கு மேலும் சூடேறும். ஆகவே படகின் வெயிற் பக்கமாகக் கையை நீட்டித் துப்பாக்கியால் அளவிடுங்கள், கூடவே ஒரு சாண் ஆழத்தில் வெப்பமானியும் பிடியுங்கள். சரிவாகத் தூரத்துத் தண்ணீரை அளக்கக்கூடாது, நேர்கீழிலிருந்து கோணம் 60 பாகையைத் தாண்டினால் தண்ணீர் வானத்தைக் காட்டத் தொடங்கும். பச்சைப்பாசி ஆடையாகப் படிந்த இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரை விடச் சூடு.

கேள்வி (கொட்டாஞ்சேனை, பாடசாலை ஆசிரியை): பொத்தான் அளவு வெப்பநிலைப் பதிகருவிகளை மாணவர்கள் மைதானத்தில் வைக்கலாமா?

பதில்: மண்ணின் மேல் வைத்தால் அது தன்மேல் விழும் வெயிலை அளக்கும், மண்ணுக்குள் புதைத்தால் மண்ணின் உள்ளே உள்ள சூட்டை அளக்கும். இரண்டுமே செய்மதி பார்க்கும் தோலல்ல. ஆனால் மாணவர்களுக்கு ஒரு நல்ல பயன் உண்டு: 1 நிமிட இடைவெளியில் பதியவிட்டு, முகிலொன்று கடக்கும்போது வாசிப்பு எவ்வளவு விரைவாக விழுகிறது என்று வரைபில் பாருங்கள். செய்மதி கடப்பதற்கு 20 நிமிடம் முன்பு அளந்துவிட்டு "அதே நேரம்" என்று எழுதுவது ஏன் பிழையென்பது அந்த வரைபிலேயே தெரியும்.

கேள்வி (வெள்ளவத்தை): ஏழு நாட்களுக்குச் செய்மதியிலிருந்து தரையைக் கழித்தேன்: −0.8, −1.5, 0.4, −1.1, −9.6, −0.3, −1.9. சராசரி −2.1. செய்மதி 2 பாகை குறைத்துக் காட்டுகிறது என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். −9.6 என்ற ஒரு நாள் மட்டுமே சராசரியை இழுக்கிறது. இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) −1.1. சிதறலுக்கும் நியம விலகலைப் போடாமல், இடையத்திலிருந்து ஒவ்வொன்றும் விலகும் தூரங்களின் இடையத்தை எடுத்து (இங்கே 0.8), நியம விலகலோடு ஒப்பிடத்தக்கதாக்க 1.4826 ஆல் பெருக்குங்கள்: 1.2 பாகை. "இடைய வேறுபாடு −1.1, சிதறல் 1.2, சோடிகள் 7" என்று எழுதுவது நேர்மையானது.

அதற்காக −9.6ஐச் சத்தமில்லாமல் அழித்துவிடவும் வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். முகிலின் உச்சி தரையைவிட எப்போதும் குளிர் என்பதால் முகில் வழு ஒரே பக்கம், மறைப் பக்கம்தான் விழும். லான்ட்சற் படத்தொகுதியில் பிக்சலின் நிலையைச் சொல்லும் தர அடுக்கில் தெளிந்த தரைக்கு 21824, தெளிந்த தண்ணீருக்கு 21952 என்று இருக்கும், வேறெந்த எண்ணும் சந்தேகத்துக்குரியது. மெல்லிய கீற்று முகில் அதிலும் தப்பிவிடும். முகிலுக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும் அடுக்கையும் (0.01 ஆல் பெருக்கினால் கிலோமீற்றர்) பாருங்கள். இந்த விதிகளை எண்களைப் பார்க்க முன்பே எழுதிவைத்து, எல்லா நாட்களுக்கும் ஒரேமாதிரிப் பிரயோகியுங்கள். பிடிக்காத நாளுக்கு மட்டும் கடுமை காட்டினால் அது சரிபார்ப்பல்ல.

மீதமுள்ள −1.1க்குக் காரணம் கருவியாகவே இருக்கவேண்டுமென்றில்லை. வளிமண்டலக் கடத்துதிறன் (தரையின் கதிர்ப்பில் காற்றைக் கடந்து மேலே போகும் பங்கு) அடுக்கை எடுத்து உங்கள் வேறுபாடுகளை அதற்கெதிரே வரையுங்கள். வரண்ட பாலைவன வானில் 0.9 வரை போகும் அந்த எண், நீராவி நிறைந்த நம் வானில் ஏறத்தாழ அதன் பாதிக்கு விழும். தரையின் சமிக்ஞையில் பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது, மீதியை வானிலை மாதிரியின் நீராவிக் கணக்கை நம்பித்தான் மீட்கிறார்கள். கடத்துதிறன் குறைந்த நாட்களில் வேறுபாடு கூடினால் காரணம் அங்கே. தரை சூடான நாட்களில் கூடினால் உங்கள் தரை வாசிப்புகள் பிக்சலைச் சரியாகப் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை. எப்போதும் ஒரே அளவாக இருந்தால் துப்பாக்கியை மறுபடி ஐஸில் போட்டுப் பாருங்கள்.

ஏழு சோடி போதாது. இரவையும் சேர்க்கப் பாருங்கள்: சூரியன் இல்லாதபோது வெயிலும் நிழலும் சமமாகி, ஒரு பிக்சலுக்குள் உள்ள வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும். மொடிஸ் இரவிலும் அளக்கிறது, ஆனால் அது வந்த நேரத்தைத் தரவிலுள்ள நேர அடுக்கிலிருந்தே எடுங்கள். அது உள்ளூர்ச் சூரிய நேரம். கொழும்பில் நம் கடிகாரம் அதைவிட 11 நிமிடமளவு முந்தி ஓடுகிறது. பார்வைக் கோணத்தையும் பாருங்கள்: ஓரப் பார்வையில் 1 கிலோமீற்றர்ப் பிக்சல் 2க்கு 4.8 கிலோமீற்றராக விரிந்துவிடும். வெள்ளவத்தையில் அது பாதிக் கடல்.